விளக்கு எரிகிறது, கிருமி செத்ததா?

எங்கள் சமையலறைச் சுவரில் ஒன்பது வருடமாகத் தொங்கும் தண்ணீர் சுத்திகரிப்பானைப் போன மாதம் சர்வீஸுக்கு வந்த பையன் கழற்றிக் காட்டினான். உள்ளே ஒரு எவர்சில்வர் குழல். அதற்குள் கண்ணாடிக் குழாய். அதற்கும் உள்ளே 11 வாட் விளக்கு. விளக்கு எரியத்தான் செய்தது. முன்பக்கத்துப் பச்சை லைட்டும் ஒருநாள் தவறாமல் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் கண்ணாடிக் குழாயின் மேல், இட்லிப் பானையின் அடியில் பிடித்திருக்குமே, அதே மாதிரி வெள்ளை வெளேரென்று உப்புப் படை. "இதுக்குள்ள லைட்டு எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன சார்" என்று சொல்லிவிட்டு அதைச் சுரண்ட ஆரம்பித்தான்.

எத்தனை நாளாக அப்படி இருந்ததோ, தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தண்ணீர் சுவையில் மாற்றமில்லை, வாடையில்லை, நிறமில்லை. ஒரு பெரிய நகரத்தின் குடிநீர் நிலையத்தில் புற ஊதாக் கதிர் அமைக்கத் திட்டமிடுகிற பொறியாளருக்கு இருக்கும் தலைவலியும் கிட்டத்தட்ட இதுதான். நல்ல விளக்கு காசு கொடுத்தால் கிடைத்துவிடும். அந்த விளக்கிலிருந்து புறப்பட்ட கதிர், ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீரின் ஒவ்வொரு துளிக்கும் போதுமான அளவு போய்ச் சேர்ந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? குளோரினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. போட்ட குளோரினில் மிச்சம் தண்ணீரிலேயே தங்கியிருக்கும். தெருக்கோடிக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். யூ.வி. என்கிற புற ஊதாக் கதிரோ தண்ணீரில் எதையும் மிச்சம் வைத்துவிட்டுப் போவதில்லை. வந்த சுவடும் இருக்காது, போன சுவடும் இருக்காது. அதை மெச்சுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், பயப்படுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் அது செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம். பாதரச ஆவி விளக்கிலிருந்து வரும் 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. நமக்குத் தெரிகிற நீலச் சாயல் உபரி. கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் கிருமியின் டி.என்.ஏ.வுக்குள் நுழைந்து, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் கண்ணிகள் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. கிருமி உடனே சாவதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் முழுசாகத்தான் இருக்கும். ஆனால் டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக அதனால் முடியாது. வயிற்றுக்குள் போய்ப் பெருக முடியாத கிருமியால் நோயும் இல்லை. தலைப்பில் கேட்ட கேள்விக்கு நேரான பதில், 'சாகவில்லை, மலடாகிவிட்டது' என்பதுதான்.

இந்த நுணுக்கம் பிடிபடத் தாமதமானதால் ஒரு துறையே பல வருடங்கள் தவறான முடிவில் இருந்தது.

1993 மார்ச் கடைசி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரம். மிச்சிகன் ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்து அனுப்பும் இரண்டு நிலையங்களில் தெற்கே இருந்த ஹோவர்ட் அவென்யூ நிலையத்தில், வடிகட்டிய தண்ணீரின் கலங்கல் ஏறிக்கொண்டே போய் 1.7 அலகைத் தொட்டது. குளோரின் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் 7ஆம் தேதி தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னபோது ஊரில் மருந்துக்கடைகளில் வயிற்றுப்போக்கு மருந்து தீர்ந்துபோயிருந்தது. சுமார் 4,03,000 பேர் நோயில் விழுந்தார்கள் என்று பிறகு கணக்கிட்டார்கள். காரணம் கிரிப்டோஸ்போரிடியம், சுருக்கமாகக் கிரிப்டோ, என்ற ஒட்டுண்ணி. கன்றுக்குட்டிச் சாணத்திலிருந்தும் மனிதக் கழிவிலிருந்தும் வருவது. கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு குளோரினுக்கு நடுவே சுகமாக உட்கார்ந்திருக்கும்.

எவ்வளவு சுகமாக? நீச்சல் குளங்களுக்காக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கொடுத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள தண்ணீரில் இந்த ஒட்டுண்ணியை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்க 15,300 நிமிடம் வேண்டும். பத்தரை நாளுக்கு மேல். எந்த ஊர் நிலையத்திலும் தண்ணீரைப் பத்தரை நாள் நிறுத்திவைக்க முடியாது.

கிருமியை ஒழிக்க மில்வாக்கி ஓசோன் வாயுவை நாடியது. 1998இல் இரண்டு நிலையங்களிலும் ஓசோன் ஓட ஆரம்பித்தது. யூ.வி.யை அப்போது யாரும் அவ்வளவாக யோசிக்கவில்லை. கதிர் பட்ட ஒட்டுண்ணியைச் சாயம் ஏற்றிப் பார்த்தால் உயிரோடுதான் தெரிந்தது, ஓட்டைவிட்டு வெளியேயும் வந்தது. ஆகவே கிரிப்டோவுக்கு யூ.வி. உதவாது, உதவ வேண்டுமென்றால் தாறுமாறான அளவு வேண்டும் என்பதே அன்றைய பாடம். 1998-99 வாக்கில் ஜெனிஃபர் க்ளான்சி உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேறு விதமாகச் சோதித்தார்கள். கதிர் பட்ட ஒட்டுண்ணியைச் சுண்டெலிக் குட்டிகளுக்குப் புகட்டிப் பார்த்தார்கள். எலிகளுக்கு நோய் வரவில்லை. உயிர் இருந்தும் பெருகும் திராணி இல்லாத கிருமி. அதுவும் எதிர்பார்த்ததில் சிறு பங்கு கதிரிலேயே. ஓசோன் நிலையத்தை மில்வாக்கி திறந்த அதே காலத்தில் இது தெரிய வந்தது என்பதை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

யூ.வி. புதுச் சரக்கு அல்ல. 1910இலேயே பிரான்சின் மார்சேய் நகரில் குடிநீருக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். விளக்குகள் நிலையாக நிற்கவில்லை, குளோரினோ மலிவு. அதனால் கைவிடப்பட்டது. 1974இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் யோஹானஸ் ரோக் என்ற வேதியியலாளர், தண்ணீரிலுள்ள இலைதழைச் சத்தோடு குளோரின் சேர்ந்து குளோரோஃபார்ம் வகைச் சேர்மங்களை உண்டாக்குகிறது என்று காட்டியபோது குளோரினின் பெயர் கொஞ்சம் கெட்டது. சுண்டெலிச் சோதனை மற்றொரு பக்கத்திலிருந்து கதவைத் திறந்தது. 2006 ஜனவரி 5 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கிரிப்டோவைக் குறிவைத்த புதிய விதியை வெளியிட்டது, அதில் யூ.வி.க்கு என்று தனி அட்டவணையே இருந்தது.

அந்த அட்டவணையில் இரண்டு எண்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் திட்டத்தின் பாதி விளங்கிவிடும். கிரிப்டோவை ஆயிரத்தில் ஒன்றாக்க சதுர சென்டிமீட்டருக்கு 12 மில்லிஜூல் கதிர் போதும். வைரஸைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்க 186 வேண்டும். வைரஸுக்கு இவ்வளவு தேவைப்படக் காரணம் அடினோவைரஸ் என்ற ஒரு வகை, அதன் டி.என்.ஏ. சேதமானாலும், தான் நுழைந்த செல்லின் கருவிகளைக் கொண்டே ரிப்பேர் பார்த்துக்கொள்கிறது. குளோரினுக்கு இது அப்படியே தலைகீழ். 20 டிகிரித் தண்ணீரில் அதே அளவு வைரஸை ஒழிக்க லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் 3 நிமிடம் இருந்தால் ஆயிற்று. ஆக, விவரம் தெரிந்த எந்த நிலையமும் யூ.வி.யைக் குளோரினுக்குப் பதிலாக வைப்பதில்லை. ஒட்டுண்ணியை யூ.வி.யிடம் விட்டுவிட்டு, வைரஸையும் குழாய்ப் பயணத்தையும் குளோரினிடம் விடுகிறார்கள். ஒட்டுண்ணிக்காகக் குளோரினை அள்ளிக் கொட்டும் வேலை மிச்சம். குளோரோஃபார்ம் வகைகளும் குறையும். 'எங்களுக்கு வைரஸுக்கும் சேர்த்து யூ.வி.யே வேண்டும்' என்று ஒரு குழு முடிவெடுத்தால் 12 இருக்கும் இடத்தில் 186 வந்து உட்காரும்; விளக்கும் மின்கட்டணமும் பல மடங்காகும். டெண்டருக்குப் போவதற்கு முன் இந்த ஒரு முடிவு தெளிவாக இருக்க வேண்டும்.

காப்பி கலந்து ஒரு பரீட்சை

சரி, 12 மில்லிஜூல் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? விளக்கின் வாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் என்பது காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாகப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அல்ல. கொஞ்சம் விளக்கை உரசிக்கொண்டு போகும், கொஞ்சம் சுவரோரமாக நழுவும், கொஞ்சம் சுழலில் மாட்டி நின்று நிதானமாகப் போகும். சராசரி 40 என்று வரலாம். ஓரமாக நழுவிய தண்ணீருக்கு 8தான் கிடைத்திருக்கலாம். நோயைக் கொண்டுவருவது அந்த நழுவிய தண்ணீர்தான்.

அதனால் முழு அளவு எந்திரத்தையே சோதனைக்களத்துக்கு எடுத்துப்போய்ப் பரீட்சை வைக்கிறார்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டிலும், நியூயார்க் மாநிலத்து ஜான்ஸ்டவுனிலும் இதற்கென்றே களங்கள் உண்டு. மனிதனை ஒன்றும் செய்யாத, பாக்டீரியாவை மட்டும் தாக்கும் எம்.எஸ்.2 என்ற வைரஸை ஓடும் தண்ணீரில் கலப்பார்கள். எந்திரத்துக்கு முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்று எண்ணுவார்கள். அந்த வைரஸ் எவ்வளவு கதிருக்கு எவ்வளவு குறையும் என்பது ஆய்வகத்தில் முன்பே அளந்து வைத்தது. அதிலிருந்து எந்திரம் உண்மையில் கொடுத்த அளவு வெளிவரும். நல்ல தண்ணீரில் மட்டும் சோதித்தால் போதாது, கலங்கிய நாளின் தண்ணீரும் வேண்டுமே. அதற்காகக் கதிரை விழுங்கும் பொருளைக் கலப்பார்கள். மட்கிய தாவரச் சாறு, காகித ஆலைக் கழிவிலிருந்து வரும் லிக்னின், ஏன், இன்ஸ்டன்ட் காப்பியும்கூட அந்த வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது. பல கோடி பெறும் எந்திரத்தின் தகுதி டிகாஷன் தண்ணீரில் சோதிக்கப்படுகிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

பரீட்சையில் தேறிய எந்திரத்துக்கு ஒரு எல்லை எழுதித் தருவார்கள்: இவ்வளவு ஓட்டத்துக்குள், தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, சென்சார் இவ்வளவு காட்டினால், இந்த அளவு உறுதி. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இது ஏற்கெனவே பழகிய முறை. அங்கே சான்றிதழ் பெற 40 மில்லிஜூல் என்ற ஒரே அளவுகோல். எந்த நாட்டு முறையானாலும் ஒரு நிபந்தனை உண்டு. சோதனைக்களத்தில் எந்திரத்துக்கு முன்னால் குழாய் எப்படி வளைந்திருந்ததோ அதைவிட மோசமாக நிலையத்தில் வளைந்திருக்கக் கூடாது. இட நெருக்கடியில் கான்ட்ராக்டர் கடைசி நேரத்தில் ஒரு முழங்கை வளைவைச் சேர்த்துவிட்டால் வாங்கிய சான்றிதழ் காகிதமாகிவிடும்.

தண்ணீரை அளப்பது

திட்டத்தின் முதல் வருடத்தில் வாங்க வேண்டியது விளக்கு இல்லை, ஒரு அளவுமானி. ஒரு சென்டிமீட்டர் தண்ணீரைத் தாண்டும்போது 254 நானோமீட்டர் கதிரில் எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்று அது சொல்லும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் இது 85ஆக இருக்கலாம், 95ஆகவும் இருக்கலாம். இரண்டையும் பாட்டிலில் பிடித்து வைத்தால் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் கதிருக்குத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 95 சதவீதம் மிஞ்சினால் 10 சென்டிமீட்டர் தள்ளி 60 சதவீதம் மிஞ்சும். 90 என்றால் 35. 85 என்றால் வெறும் 20. முதல் எண்ணில் பத்துப் புள்ளி இறங்கினால், ஓரத்துத் தண்ணீருக்குப் போய்ச் சேரும் கதிர் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது.

இதை ஒரு மாதம் அளந்துவிட்டு டெண்டர் எழுதுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு என்று நினைக்கிறேன். குறைந்தது ஒரு வருடம் அளக்க வேண்டும். முதல் மழையில் காட்டாறு இறங்கும் வாரமும், ஏரியில் பாசி பொங்கும் வாரமும் அதில் வர வேண்டும். இன்னொரு பக்கத்துத் தவறும் உண்டு. பயந்துபோய், வருடத்தின் மிக மோசமான தெளிவையும் வருடத்தின் மிக அதிகமான ஓட்டத்தையும் ஒரே நாளில் வருவதாக வைத்துக்கொண்டு எந்திரம் வாங்குவது. நிஜத்தில் தேவை உச்சத்துக்குப் போவது கோடையில். தண்ணீர் கெடுவது மழையில். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் தேவையைப்போல் இரண்டு பங்கு எந்திரம் வந்து உட்கார்ந்து, வருடம் முழுக்க அரை வெளிச்சத்தில் மின்சாரம் தின்னும். மாதவாரியாக ஓட்டத்தையும் தெளிவையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே பல கோடி மிச்சமாகும்.

தண்ணீரில் இரும்பு, சுண்ணாம்பு எவ்வளவு என்பதும் சேர்த்து அளக்க வேண்டியது. எங்கள் வீட்டு வெள்ளைப் படை நிலையத்திலும் பிடிக்கும். அங்கே விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடி உறையைத் துடைக்கத் தானாக ஓடும் வளையம் இருக்கும். சில எந்திரங்களில் அமிலக் கூழும் சேர்ந்து துடைக்கும். துடைக்கும் கருவியும் ரிப்பேர் ஆகும் என்பதைப் பராமரிப்புச் செலவில் பலர் எழுதுவதில்லை.

எங்கே வைப்பது என்பதில் பெரிய விவாதம் இல்லை. வடிகட்டிகளுக்குப் பிறகு, சுத்த நீர்த் தொட்டிக்கு முன்னால். அங்கேதான் தண்ணீர் ஆகத் தெளிவு. ஆனால் பழைய நிலையங்கள் பெரும்பாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடும்படி கட்டப்பட்டவை. வடிகட்டிக்கும் தொட்டிக்கும் இடையே சில அடி உயரம்தான் இருக்கும். யூ.வி. எந்திரமும் அதன் வால்வுகளும் ஓட்டமானியும் அந்த உயரத்தை விழுங்கிவிடும். அப்புறம் நடுவில் பம்ப் வைக்க வேண்டும். பம்ப் வைத்தால் கட்டடம், கட்டடம் வந்தால் மின்சாரம். 'சின்ன மாற்றம்' என்று ஆரம்பித்த வேலை ஊதுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இடமே இல்லாத நிலையங்கள், உள்ளே பாதரச ஆவியின் அழுத்தம் கூடுதலாக இருக்கும் நடுத்தர அழுத்த விளக்கைத் தேடுகின்றன: சில விளக்கிலேயே வேலை முடியும், ஆனால் மின்சாரத்தில் உருப்படியாகக் கிருமியிடம் போவது பத்து முதல் பதினைந்து சதவீதம்தான், மிச்சம் சூடாகப் போகும். குறைந்த அழுத்த விளக்கு இதைவிட இரண்டு மூன்று மடங்கு சிக்கனம். ஆனால் வரிசை வரிசையாக நிறைய விளக்கு வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. மின்னழுத்தம் 10 முதல் 30 சதவீதம் வரை சரிந்து ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் சரியாகிவிட்டாலும், அலுவலக அறையில் டியூப்லைட் ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு எரியும், யூ.வி. விளக்கோ அணைந்துவிடும். அணைந்தது திரும்பப் பற்றிக்கொண்டு முழு வலுவுக்கு வரப் பல நிமிடம் ஆகும். தண்ணீர் அதற்காகக் காத்திருக்காது. சென்னைக்கு அருகே புழலில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளுக்கு 30 கோடி லிட்டர். அந்த அளவுள்ள ஒரு நிலையத்தில் ஐந்து நிமிடம் விளக்கு அணைந்தால் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் கதிர் படாமல் ஓடிப்போகும். அமெரிக்க விதி இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: மாதம் முழுக்க அனுப்பிய தண்ணீரில் 95 சதவீதமாவது, சோதனையில் தேறிய எல்லைக்குள் ஓடிய எந்திரம் வழியாகப் போயிருக்க வேண்டும். மிச்சம் 5 சதவீதம் என்பது 30 நாளில் 36 மணி நேரம். தாராளமாகத் தெரியலாம். அடிக்கடி அழுத்தம் ஆடும் ஊரில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஐந்து நிமிடமாக எழுதிக்கொண்டே வந்தால், அது எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று புரியும். ஆகவே திட்டம் போடும்போதே மின்வாரியத்திடம் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை மணி நேரம் கரண்ட் போகும்' என்பதல்ல, 'வருடத்துக்கு எத்தனை தடவை அழுத்தம் ஆடும்' என்பது. அதற்குத் தகுந்தாற்போல், விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் பேலஸ்டுகளுக்கு யூ.பி.எஸ்., அல்லது விளக்கு அணைந்த கணமே மூடிக்கொள்ளும் வால்வு.

இரண்டு நகரங்கள், இரண்டு முடிவுகள்

நியூயார்க் நகரத்தின் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் கேட்ஸ்கில், டெலவேர் என்ற மலைப் படுகைகளிலிருந்து வருகிறது. அந்தத் தண்ணீரை இன்றுவரை வடிகட்டுவதில்லை. வடிகட்டும் நிலையம் கட்டினால் பல நூறு கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டபோது நகரம் வேறு வழி பார்த்தது: 1997இல் மலை ஊர்களோடு ஒப்பந்தம் போட்டு, படுகையில் நிலம் வாங்கி, பண்ணைகளின் கழிவைக் கட்டுப்படுத்தி, ஆற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்கே செலவழிக்க ஆரம்பித்தது. 2006 விதி வந்ததும், வடிகட்டாத தண்ணீருக்கு இரண்டாவதாக ஒரு கிருமிநீக்கம் கட்டாயமானது. நகருக்கு வடக்கே வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்தில் 160 கோடி டாலர் செலவில் கட்டிய யூ.வி. நிலையம் 2013 அக்டோபரில் முறைப்படி திறக்கப்பட்டது. குடிநீருக்கான யூ.வி. நிலையங்களில் உலகிலேயே பெரியது. 56 எந்திரங்கள், ஒவ்வொன்றிலும் 210 விளக்கு, மொத்தம் 11,760. நாளொன்றுக்கு 200 கோடி காலனுக்கு மேல், லிட்டரில் 750 கோடிக்கு மேல், கையாளும் திறன். நகரத்தின் ஒருநாள் தேவை அதில் பாதிதான்.

அந்த விளக்கு எண்ணிக்கையை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு விளக்கின் ஆயுள் 12,000 மணி, அதாவது 500 நாள் என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் எந்நேரமும் எரிந்தால் நாளொன்றுக்கு 23 விளக்கு மாற்ற வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை, சரி. பாதி எரிந்தால்கூட ஞாயிறு, தீபாவளி பாராமல் தினம் ஒரு டஜன். ஒவ்வொன்றிலும் சிறிது பாதரசம். கழற்றியதைக் குப்பையில் போட முடியாது. உடைந்தால் என்ன செய்வது, பாதரசம் தண்ணீரோடு போகாமல் எங்கே நிறுத்துவது என்பதற்கும் எழுதிவைத்த நடைமுறை வேண்டும். இதற்கெல்லாம் ஆள், அறை, வண்டி, பட்ஜெட். யூ.வி. நிலையம் கட்டினோம் என்பதைவிட, விளக்கு மாற்றும் ஒரு தொழிற்கூடத்தை நடத்துகிறோம் என்பதே நியாயமான வர்ணனை.

போர்ட்லண்டின் கதை வேறு. காப்பித் தண்ணீர்ப் பரீட்சை நடக்கும் அதே போர்ட்லண்ட். புல் ரன் என்ற காட்டுப் படுகையிலிருந்து வரும் தண்ணீரை அவர்களும் வடிகட்டுவதில்லை. 'எங்கள் காட்டுக்குள் ஆளும் இல்லை, மாடும் இல்லை' என்று வாதாடி 2012இல் புதிய விதியிலிருந்தே விலக்கு வாங்கினார்கள். 2017இல் தண்ணீரில் கிரிப்டோ தென்பட்டது, விலக்கு போயிற்று. யூ.வி. நிலையத்துக்கான வடிவமைப்பு முன்பே கையில் இருந்தது. மதிப்பீடு சுமார் 10.5 கோடி டாலர். வடிகட்டும் நிலையத்துக்கு 35 முதல் 50 கோடி. அந்த ஆகஸ்டில் நகர மன்றம் வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தது.

காரணம் எளிது. யூ.வி. ஒட்டுண்ணியை மலடாக்கும், சேற்றையும் சாம்பலையும் ஒன்றும் செய்யாது. மலைச்சரிவோ காட்டுத்தீயோ வந்தால், கதிரை விழுங்கும் தண்ணீர் வந்து நிற்கும்போது, யூ.வி. நிலையத்தால் கதவை மூடிக்கொள்ள மட்டுமே முடியும். முடிவெடுத்த மறுமாதமே பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஈகிள் க்ரீக் காட்டுத்தீ மூண்டு புல் ரன் படுகையின் விளிம்புவரை வந்தது. பிறகு செலவு எகிறி வடிகட்டித் திட்டம் 200 கோடி டாலரைத் தாண்டியபோது, அன்றே யூ.வி.யை வைத்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கென்னவோ போர்ட்லண்டின் முடிவு சரி என்றே படுகிறது. விலை வேறு வழக்கு. நியூயார்க்கிடம் மழைச் சேற்றைப் படியவைக்க மேலே பெரிய நீர்த்தேக்கங்கள் உண்டு, தேவைப்பட்டால் படிகாரம் போடும் வழக்கமும் உண்டு. அந்த முன்னேற்பாடு இல்லாத ஊர், நியூயார்க்கைப் பார்த்து 'அவர்கள் விளக்கு வைத்தார்கள், நாமும் வைப்போம்' என்று இறங்கினால் முதல் பெருமழையில் மாட்டிக்கொள்ளும்.

நம் ஊர்களில் இந்தக் கேள்வி இன்னொரு வடிவத்தில் வரும். யூ.வி. அறையைத் தாண்டிய அடுத்த நொடியே தண்ணீருக்குக் காவல் இல்லை. நாளெல்லாம் அழுத்தம் இருக்கும் குழாயில் இது ஓரளவு சமாளிக்கக்கூடியது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் ஊரில் குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் பக்கத்துச் சாக்கடை கசிந்து உள்ளே வரும். வந்ததெல்லாம் வீட்டுச் சம்ப்பில் போய்ச் சேரும். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் கேட்பது இதற்காகத்தான். நிலையத்தில் விளக்குக்குச் செலவழிக்கும் அதே பணம் கசியும் குழாயை மாற்றப் போனால் இங்கே அதிக உயிரைக் காக்கும் என்பது என் கட்சி. சமையலறையில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக 11 வாட் விளக்கை மாட்டிக்கொண்டதும், நிலையத்துக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியை அடைக்கத்தானே.

நியூயார்க்குக்கும் இந்த இடைவெளி இருக்கிறது என்பது ஆறுதலா இல்லையா தெரியவில்லை. 11,760 விளக்குகளைக் கடந்து வரும் தண்ணீர், நகருக்குள் நுழையும் முன் யாங்கர்ஸ் ஊரிலுள்ள ஹில்வியூ நீர்த்தேக்கத்தில் நிற்கிறது. 90 ஏக்கர் பரப்பு, 90 கோடி காலன் கொள்ளளவு. மேலே மூடி கிடையாது. பறவைகள் வந்து இறங்கும் என்பதால் அவற்றை விரட்டுவதற்கே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். சுத்திகரித்த தண்ணீரைத் திறந்து வைக்கக் கூடாது என்பதும் அதே 2006 விதியில் உள்ளதுதான். வழக்கு நடந்து 2019இல் சமரசம் ஆனது. மூடி போட நகரத்துக்குக் கொடுத்திருக்கும் கெடு 2049.